பயோடீசலும் புதிய வண்டியின் புகைக்குழலும்

(திருச்சி வானொலியில் வேளாண்மை விரிவாக்க அலுவலர் ஒருவர் நிகழ்த்திய உரை)



ஜீயபுரம், அந்தநல்லூர் பக்கமிருந்து வாழைத்தார் ஏற்றிக்கொண்டு திருச்சி காந்தி மார்க்கெட்டுக்கு வரும் டீசல் வண்டிகளைப் பாருங்கள். பழைய வண்டிகள் பலவற்றில் சைலன்ஸர் வெறும் குழாய்தான். 2020 ஏப்ரல் முதல் பி.எஸ். 6 விதிப்படி வரும் வண்டிகளில் அதற்குள் புகையைச் சுத்தம் செய்யும் கருவிகள் இருக்கின்றன. 50 குதிரைத் திறனுக்கு மேற்பட்ட டிராக்டர்களுக்கும் 2023 ஜனவரி முதல் புகை விதி கடுமையாகிவிட்டது. ஆகவே, பயோடீசல் மலிவாகக் கிடைக்கிறது என்று வாங்கி ஊற்றுமுன் சில விவரங்களைத் தெரிந்துகொள்வது நல்லது.

புகைக்குழலில் பொதுவாக மூன்று கருவிகள் உண்டு. முதலாவது, எரியாத எண்ணெய் ஆவியை எரித்துவிடும். இரண்டாவது, கரியைப் பிடித்து வைத்து, அவ்வப்போது சுட்டெரிக்கும் வடிகட்டி. மூன்றாவது, யூரியாக் கரைசலிலிருந்து வரும் அம்மோனியாவைக் கொண்டு நச்சு வாயுவை நைட்ரஜனாகவும் நீராவியாகவும் மாற்றும். இந்த வேலைகளை நடத்தி வைப்பது வினையூக்கி என்னும் பொருள். மாட்டுச் சந்தைத் தரகர் இரு தரப்பையும் சேர்த்துவிட்டுத் தான் விலகிக்கொள்வதைப் போல, வினையூக்கியும் வேலையை முடித்துக் கொடுக்கும், தான் கரைவதில்லை. ஆனால், அது இருக்கும் இடத்தில் வேறு பொருள் வந்து உட்கார்ந்துகொண்டால் வேலை நின்றுபோகும்.

அப்படி வந்து உட்காருவது எது? புங்கன் எண்ணெய், காட்டாமணக்கு எண்ணெய், பலகாரம் சுட்ட எண்ணெய் எதுவானாலும், மெதனாலும் காரமும் சேர்த்துத்தான் பயோடீசல் ஆக்குகிறார்கள். காரம் என்பது சோடியம் அல்லது பொட்டாசியம் சேர்ந்த பொருள். சரியாகக் கழுவாவிட்டால் அது பயோடீசலிலேயே தங்கிவிடும். கழுவும் தண்ணீர் உப்புத் தண்ணீரானால் சுண்ணாம்பும் மக்னீசியமும் ஏறும். கிணற்றுத் தண்ணீரைக் கொதிக்க வைத்த பாத்திரத்தில் வெள்ளையாகப் படிகிறதே, அதே சரக்குதான். எண்ணெயின் பிசினை முதலிலேயே நீக்காவிட்டால் பாஸ்பரஸும் கூடவே வரும்.

இவை எஞ்சினில் எரிந்து சாம்பலாகும். கரி எரிந்து போகும், சாம்பல் போகாது. வடிகட்டியை மெல்ல அடைக்கும். சோடியமும் பொட்டாசியமும் அம்மோனியா தங்க வேண்டிய இடத்தைப் பிடித்துக்கொள்ளும். பாஸ்பரஸ் முதல் கருவியின் வினையூக்கியை மூடும்.

சோடியமும் பொட்டாசியமும் சேர்ந்து கிலோவுக்கு 5 மில்லிகிராமுக்கு மேல் போகக்கூடாது என்பது தர விதி. ஒரு லிட்டர் பயோடீசல் சுமார் 880 கிராம் எடை. அப்படியானால் 1,000 லிட்டரில் நாலரை கிராமுக்குள் இருக்க வேண்டும். கழுவாத சரக்கில் இது பத்து மடங்கானால் 44 கிராம் புகைக்குழலுக்குள் போகும். 

"வண்டி நல்லாத்தானே ஓடுது?" என்று கேட்பீர்கள். அதில்தான் ஆபத்து. எஞ்சின் ஓடிக்கொண்டே இருக்கும்; கெடுதி குழலுக்குள் சேரும். எச்சரிக்கை விளக்கு எரிந்து, இழுவை குறையும்போதுதான் தெரியவரும். அடைந்த சாம்பலைப் பணிமனையில் ஓரளவு நீக்கலாம். கெட்டுப்போன வினையூக்கியை மாற்றத்தான் வேண்டும், செலவு பெரிது.

ஆகவே, கீழ்க்கண்டவற்றைக் கடைப்பிடியுங்கள்:

1. எத்தனை சதவிகிதம் பயோடீசல் கலக்கலாம் என்று வண்டியின் கையேட்டில் பார்த்து, அதற்கு மேல் போகாதீர்கள்.

2. வாங்கும் இடத்தில் ஐ.எஸ். 15607 தரப்படி சோதித்த சான்றைக் கேளுங்கள். சான்று இல்லாத சரக்கு வேண்டாம்.

3. வீட்டில் காய்ச்சிய பயோடீசலைப் புதிய வண்டிக்கு ஊற்றாதீர்கள். பழைய பம்புசெட் எஞ்சினில் வினையூக்கி கிடையாது என்றாலும், கழுவாத சரக்கு அதன் இன்ஜெக்டரையும் கெடுக்கும்.

4. பயோடீசல் தயாரிக்கும் குழுக்கள் உப்பு நீக்கிய தண்ணீரில் பலமுறை கழுவி, ஈரம் போக்கி, சோதனைக்கு அனுப்பிய பிறகே விற்க வேண்டும்.

5. வயலுக்கு வாங்கிய யூரியாவைக் கரைத்து வண்டியின் யூரியாத் தொட்டியில் ஊற்றவே கூடாது. அதில் வேப்பெண்ணெய்ப் பூச்சு உண்டு. கிணற்றுத் தண்ணீரில் உப்பும் உண்டு. இரண்டும் அதே வினையூக்கியைக் கெடுக்கும். மானிய யூரியாவை இதற்குப் பயன்படுத்துவது சட்டப்படி குற்றமும் ஆகும்.

பயோடீசல் நல்ல எரிபொருள்தான். அது சுத்தமாக இருக்க வேண்டும் என்பதே முக்கியம். லிட்டருக்குச் சில ரூபாய் மிச்சம் பிடிக்கப் போய், வண்டியின் விலையுயர்ந்த பாகத்தை இழந்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.