பல்லி சொன்னால் கேட்க வேண்டும்

காஞ்சிபுரம் வரதராஜப் பெருமாள் கோயிலின் தங்கப் பல்லி, வெள்ளிப் பல்லி உங்களுக்குத் தெரியும். தீர்த்தத்தில் பல்லி விழுந்ததைக் கவனிக்காமல் கொண்டுவந்து சாபம் வாங்கிய சீடர்கள் கதையும் தெரியும். அதை விட்டுவிடுகிறேன். என் குறை வேறு. எல்லாரும் பல்லியைத் தொடுகிறார்கள், யாரும் கேட்பதில்லை.

தலையில் விழுந்தால் என்ன, தோளில் விழுந்தால் என்ன என்று முன்பு பஞ்சாங்கத்தைப் புரட்டினார்கள், இப்போது கைப்பேசியைத் தடவுகிறார்கள். பல்லி கால் தவறி விழுந்ததற்கெல்லாம் பலனா? ஊருக்கெல்லாம் பலன் சொல்லி, கழுநீர்ப் பானையில் துள்ளி விழுகிற பிராணிதானே அது! விழுவது அதன் கெட்ட நேரம். சொல்வதுதான் நமக்கு.

மேல்நாட்டில் கோழியின் கவட்டை எலும்பைக் காயவைத்து, இரண்டு பேர் ஆளுக்கொரு முனையைப் பிடித்து இழுப்பார்களாம். பெரிய துண்டு கிடைத்தவர் நினைத்தது நடக்கும். நல்ல விளையாட்டுதான், ஆனால் கைக்கு. நம்முடையது காதுக்கு.

இதில் எனக்குப் பிடித்த ஆள் ஒரு காட்டுப் பன்றி. நற்றிணையில் உக்கிரப் பெருவழுதி பாடிய பன்றி. முள்ளம்பன்றியின் முள்போல் பிடரி மயிர், சின்னக் கண். தினைப்புனம் மேய ஆசையாக வருகிறது. வழியில் பொறி வைத்திருக்கிறார்கள். அதன் குறுகிய வாயில் நுழைகிற நேரத்தில் பக்கத்தில் ஒரு பல்லி சத்தமிடுகிறது. பன்றி என்ன செய்கிறது? பதறி ஓடவில்லை, நேயர்களே. அடிமேல் அடி வைத்துப் பின்வாங்கி, தன் கல் குகைக்கே போய்ப் படுத்துக்கொள்கிறது. பசி இருக்கிறது, தினை எதிரே இருக்கிறது, ஆனாலும் காது கேட்டது, கால் நின்றது. இரண்டாயிரம் ஆண்டாகியும் அந்தப் பன்றிக்கு ஈடாகக் கேட்ட ஆளை நான் பார்க்கவில்லை.

என் அப்பாவை வேண்டுமானால் சொல்லலாம். தறிக்குழியில் உட்கார்ந்திருக்கும்போது பல்லி சொன்னால் நாடாவை நிறுத்தி, விரலால் மரத்தில் மூன்று தட்டுத் தட்டுவார். பிறகு பாவைக் குனிந்து பார்ப்பார். அறுந்த இழை பலமுறை அப்போதுதான் கண்ணில் படும். பல்லி சொன்னதாலா, கை நின்றதாலா? எனக்கு இரண்டும் ஒன்றுதான். நான் ஒருமுறை நிற்காமல் கோர்வை போட்டுக்கொண்டே போனேன். முந்தியில் இழை விட்டுப்போயிருந்தது. கூலியில் பிடித்துக்கொண்டார்கள்.

எங்கள் ஓரிக்கையின் பெயரே கேட்டதால் வந்தது. திருமழிசையாழ்வார் சொன்னதும் பெருமாள் பாம்பணையைச் சுருட்டிக்கொண்டு கூடவே கிளம்பி, ஓரிரவு இங்கே தங்கினார். ஓரிரவு இருக்கை, ஓரிக்கை. கடவுளே சொன்ன பேச்சுக் கேட்ட ஊர்!

நேற்றிரவு இந்த உரையை எழுதி முடித்தபோது, குழல்விளக்குக்குப் பின்னாலிருந்து ஒரு பல்லி சத்தமிட்டது. எந்த வரிக்கென்று தெரியவில்லை. மூன்று தட்டுத் தட்டிவிட்டு, ஒரு பத்தியை அடித்துவிட்டேன்.