நீரிழிவில் இரு அபாயங்கள்

நீரிழிவு என்றதும், இரத்தத்தில் சர்க்கரை மிகுந்துவிடும் நோய் என்றே நாம் எண்ணுகிறோம். அது மெய்யே. ஆயினும், இந்நோயுடைய ஒருவர் சோர்ந்து மயங்குவாராயின், ஒன்றுக்கொன்று மாறான இரு காரணங்கள் இருத்தல் கூடும். ஒன்று, சர்க்கரை அளவுமீறிக் குறைதல். மற்றொன்று, இன்ஸுலின் போதாமையால் கீடோன் என்னும் அமிலப் பொருள்கள் பெருகுதல். முன்னதில் இன்ஸுலினைச் செலுத்தினாலும், பின்னதில் அதை நிறுத்தினாலும் உயிருக்கே ஊறு நேரும். ஆதலின், வீட்டிலுள்ளோர் இரண்டையும் பிரித்தறிதல் வேண்டும்.

இன்ஸுலின் தோன்றிய நாளிலேயே இவ்விரண்டும் புலப்பட்டன. 1921-22ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில், கனடா நாட்டு டொராண்டோ நகரில், கோலிப் என்னும் அறிஞர் அம்மருந்தை முயல்களுக்குச் செலுத்திப் பார்த்தார். அளவு மிகுந்தபோது அவை வலிப்புற்று வீழ்ந்தன. சர்க்கரைக் கரைசல் பெற்றதும் எழுந்தன. 1922 ஜனவரியில், லெனார்ட் தாம்ப்ஸன் என்னும் 14 வயதுச் சிறுவனுக்கு, கோலிப் தூய்மை செய்த மருந்து செலுத்தப்பட்டது. அவனது சிறுநீரில் இருந்த கீடோன்கள் மறைந்தன. மருந்து மிகினும் கேடு, குறையினும் கேடு என்பது அன்றே தெளிவாயிற்று.

100 மில்லிலிட்டர் இரத்தத்தில் சர்க்கரை 70 மில்லிகிராமுக்குக் கீழே இறங்கினால், அது குறைவு. வியர்வை, நடுக்கம், படபடப்பு, கடும்பசி ஆகியவை சில நிமிஷங்களில் தோன்றும். பின்னர்ப் பேச்சுத் தடுமாறும், அறிவு மயங்கும். விழுங்கக்கூடியவருக்கு மூன்று தேக்கரண்டி சர்க்கரையை நீரில் கரைத்து உடனே கொடுக்க வேண்டும். 15 நிமிஷங்களுக்குப் பின் மீண்டும் சோதித்து, ஏறவில்லையெனில் மறுமுறையும் கொடுக்கலாம். நினைவிழந்தவர் வாயில் எதையும் ஊற்றலாகாது. ஒருக்களித்துப் படுக்கவைத்து, மருத்துவ உதவியை விரைந்து நாடவேண்டும்.

கீடோன் பெருகும் நிலையோ மணிக்கணக்கில், சில சமயம் நாட்கணக்கில் வளர்வது. இன்ஸுலின் இல்லாதபோது, இரத்தத்தில் சர்க்கரை நிறைந்திருந்தும் உடல் அதைப் பயன்படுத்த இயலாது. வாசலில் நெல் குவிந்திருக்க, வீட்டினுள் பட்டினி கிடப்பது போன்ற நிலை அது. அப்போது உடல் கொழுப்பை எரிக்க, கீடோன்கள் உண்டாகின்றன. தாகம், அடிக்கடி சிறுநீர் கழிதல், வாந்தி, வயிற்றுவலி, ஆழ்ந்த விரைவான மூச்சு, அம்மூச்சில் கனிந்த பழத்தின் வாடை ஆகியவை இதன் குறிகள். இரத்தக் கீடோன் லிட்டருக்கு 3 மில்லிமோலை எட்டினாலோ, வாந்தி நில்லாவிட்டாலோ, தாமதியாது மருத்துவமனைக்குச் செல்லவேண்டும்.

நம் வீடுகளில் நிகழும் பெருந்தவறு ஒன்றுண்டு. காய்ச்சலாலோ வாந்தியாலோ உணவு செல்லாத நாளில், "சாப்பிடவில்லையே, ஊசி எதற்கு?" என்று நிறுத்திவிடுகிறார்கள். நோயுற்ற உடலுக்கு இன்ஸுலின் பெரும்பாலும் கூடுதலாகவே தேவைப்படும். இன்ஸுலினையே நம்பி வாழ்வோர் மருத்துவர் சொற்படி அளவை மாற்றலாம், முற்றிலும் நிறுத்தலாகாது. சர்க்கரை குறைவாகவும் கீடோன் மிகுதியாகவும் இருப்பின், இனிப்பு நீரும் இன்ஸுலினும் சேர்ந்தே தேவைப்படலாம். அந்நிலையில் மருத்துவரை உடனே கலந்துகொள்க.

உபவாசம் இருப்போர் எவர்க்கும் சிறிதளவு கீடோன் தோன்றுவது இயல்பு. ஆனால் எம்பாகிளிஃப்ளோஸின், டாபாகிளிஃப்ளோஸின் போன்ற மாத்திரைகளை உண்பவர்க்கு, சர்க்கரை மிகாமலே கீடோன் அபாய அளவை எட்டக்கூடும். உபவாசத்தின்போதும் வாந்தியின்போதும் அவற்றை நிறுத்திவைப்பது குறித்து முன்கூட்டியே மருத்துவரைக் கேட்டறிதல் நன்று.

சோதிக்கக் கருவி இன்றி, எந்நிலை என்ற ஐயம் எழுந்தால், நினைவுள்ளவருக்கு முதலில் சர்க்கரையே கொடுங்கள். மிகுந்திருக்கும் சர்க்கரையோடு மேலும் சிறிது சேர்வதால் வரும் தீங்கு சிறிது. குறைந்த சர்க்கரையைக் கவனியாது விடுவதால் வரும் தீங்கு பெரிது. இக்குறிகளை ஒரு தாளில் எழுதி, வீட்டார் அனைவர் கண்ணிலும் படுமாறு இன்றே ஒட்டிவையுங்கள். துன்பம் நேரும் வேளையில் நோயாளியால் எடுத்துச் சொல்ல இயலாமற் போகலாம். அறிந்திருக்க வேண்டியவர்கள் அருகிலிருப்பவர்களே.