கணக்குப் பாடத்தை விட்டுராதீங்க
(கூட்டமைப்பு ஆண்டு விழாவில் பேசியது)



நான் பத்தாவது வரைக்கும் படிச்சவ. போன சித்திரைத் திருவிழாவுல அழகர் மலையை விட்டு இறங்கின அன்னைக்கு ராத்திரி என் மக நிலாவையே பார்த்துக்கிட்டு இருந்தா. "பௌர்ணமி என்னைக்குன்னு முன்கூட்டியே எப்படிம்மா தெரிஞ்சு பத்திரிகை அடிக்கிறாங்க?"ன்னு கேட்டா. எனக்குச் சொல்லத் தெரியலை. "அப்ப நான் அதையே படிக்கிறேன்"னுட்டா. பக்கத்து வீட்டு அத்தை, "ஜோசியமாடி படிக்கப் போறே?"ன்னு சிரிச்சாங்க.

அது ஜோசியம் இல்லை, வானியல். ஆனா நான் அவளைப் பதினொண்ணாவதுல கணக்கு இல்லாத குரூப்புல சேர்க்கத்தான் இருந்தேன். கணக்குன்னா டியூஷன் செலவுன்னு பயம். பள்ளிக்கூடத்து இயற்பியல் டீச்சர்தான் தடுத்தாங்க. "பௌர்ணமியைச் சொல்றதே கணக்குதாம்மா, அதை விட்டா அந்தப் படிப்புக்கு வழி அடைச்சுரும்"னாங்க. அவங்க சொன்னதை உங்களுக்கும் சொல்றேன்.

பதினொண்ணு, பன்னிரண்டுல கணக்கு, இயற்பியல், வேதியியல் மூணும் வேணும். கல்லூரியில வானியல்னு தனிப் பட்டம் நம்ம நாட்டுல ரொம்பக் குறைவு. பி.எஸ்சி. இயற்பியல் மூணு வருஷம், எம்.எஸ்சி. ரெண்டு வருஷம், அப்புறம் ஆராய்ச்சிப் படிப்பு. இதுதான் பொதுவான வழி. நட்சத்திர ஆராய்ச்சிக்காக 1983-ல நோபல் பரிசு வாங்கின சந்திரசேகரே சென்னை மாநிலக் கல்லூரியில படிச்சது இயற்பியல்தான். அந்தப் படிப்பு மதுரை மீனாட்சி அரசு மகளிர் கல்லூரியிலயே இருக்கு.

இன்னொரு வழி, திருவனந்தபுரத்துல இருக்கிற இந்திய விண்வெளி அறிவியல் தொழில்நுட்பக் கழகம். அங்கே ஒரு அஞ்சு வருஷப் படிப்பை வானியல், வானியற்பியல்ல முடிக்கலாம். அதுக்கு ஜே.இ.இ. மெயின், அட்வான்ஸ்டு ரெண்டு பரீட்சையும் எழுதித் தேறணும்.

படிச்சா வேலை எங்கேன்னு கேப்பீங்க. கொடைக்கானல்ல 1899-லயே தொடங்கின சூரிய ஆய்வுக்கூடம் இருக்கு. ஜவ்வாது மலையில காவலூர்ல பெரிய தொலைநோக்கி இருக்கு. ரெண்டையும் நடத்துறது பெங்களூர் இந்திய வானியற்பியல் நிறுவனம். இது தவிர, இயற்பியல் படிச்ச பிள்ளை டீச்சராவும் போகலாம். படிப்பு வீணாப் போகாது.

செலவுக்கும் வழி இருக்கு. ஆறாவதுல இருந்து பன்னிரண்டாவது வரை அரசுப் பள்ளியில படிச்ச பொண்ணுக்கு, கல்லூரியில படிக்கிறப்போ புதுமைப் பெண் திட்டத்துல மாசம் 1000 ரூபாய் வருது. காதுகுத்துக்கு வாங்குற உள்கடனைப் பரீட்சைக் கட்டணத்துக்கும் வாங்குவோமே!

என் மக இப்ப பதினொண்ணாவது. காலாண்டுல கணக்குல 43 மார்க்தான். அழுதா. ஆனா விடலை, நானும் விடச் சொல்லலை. உங்க பிள்ளை பத்தாவது முடிச்சதும், குரூப் எழுதிக் கையெழுத்துப் போடுறதுக்கு முன்னாடி ஒண்ணே ஒண்ணு கேளுங்க: "இதுல கணக்கு இருக்கா?"