பொதுக்கிணறும் பொதுத்தரவும்

(ராஜபாளையத்தில் இளைஞர் வாசிப்பு வட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"உங்க ஆராய்ச்சியைப் பத்திப் பேசுங்க, ஆனா எங்களுக்குப் புரியுற மாதிரி பேசுங்க" என்று சொல்லித்தான் என்னை அழைத்தார்கள். நான் செடிகளின் மரபணு வரிசைகளை ஆராய்கிறவன். இந்தப் பக்கத்துக்காரன்தான். சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி நெய்யும் விசைத்தறியில் வேலை பார்த்த அம்மாவின் மகன். எங்கள் தெருவிலிருந்து முனைவர் பட்ட ஆய்வுக்குப் போன முதல் ஆள்.

ஒரு சொல்லிலிருந்து தொடங்குகிறேன். 'பொது' என்கிற சொல். எங்கள் ஊரில் பொதுக்கிணறு என்று ஒன்று இருந்தது. என் பாட்டி அதில் ஒரு நாளும் வாளியை இறக்கியதில்லை. யாராவது மனம் வைத்து ஊற்றும்வரை குடத்தோடு தள்ளி நிற்பார். ஆனால் ஊர்க்கணக்கில் அதன் பெயர் பொதுக்கிணறுதான். பொதுக் குளங்களும் கிணறுகளும் எல்லோருக்கும் திறந்தவை என்று பம்பாய் சட்டமன்றம் தீர்மானம் போட்டது 1923இல். மகாத் நகராட்சியும் அதை ஏற்றுக்கொண்டது. ஆனாலும் சவுதார் குளத்தில் நம் மக்கள் கை வைத்துத் தண்ணீர் அள்ள, 1927 மார்ச் 20 அன்று பாபாசாகேப் அம்பேத்கர் நடந்து போக வேண்டியிருந்தது. நான்கு ஆண்டுகள் அந்தக் குளம் காகிதத்தில் மட்டும் பொதுவாக இருந்தது.

இன்றைக்கு அறிவியலிலும் ஒரு 'பொது' இருக்கிறது. அதைப் பற்றித்தான் பேச வந்தேன்.

ஒரு செடியின் இலையிலிருந்து டிஎன்ஏவைப் பிரித்து, அதில் ஒரு பகுதியின் எழுத்து வரிசையைப் படித்து, கணினியில் ஏற்றுகிறோம். அமெரிக்காவில் 1982இல் தொடங்கிய ஜீன்பேங்க், ஐரோப்பாவிலும் ஜப்பானிலும் உள்ள அதன் கூட்டாளித் தளங்கள் ஆகியவை இந்த வரிசைகளை அன்றாடம் தங்களுக்குள் பரிமாறிக்கொள்கின்றன. எந்த உயிரி எங்கே காணப்பட்டது என்ற பதிவுகளுக்கு, கோபன்ஹேகனைத் தலைமையிடமாகக் கொண்ட ஜிபிஐஎஃப் இருக்கிறது. இந்தியாவும் 2022இல் ஃபரிதாபாத்தில் இந்திய உயிரியல் தரவு மையத்தைத் திறந்தது. ஜீன்பேங்கில் இருப்பதை யாரும் காசு கொடுக்காமல் எடுத்துக்கொள்ளலாம்.

இதை நான் குறைத்துப் பேச மாட்டேன். இது இல்லாவிட்டால் நான் இல்லை. ஒரு கட்டுரையைப் படிக்கவே ஆயிரக்கணக்கில் காசு கேட்கும் அறிவியல் உலகத்தில், வீட்டு மாடியில் உட்கார்ந்து பழைய மடிக்கணினியில் உலகத்தின் வரிசைகளை இறக்கி ஒப்பிட்டுப் பார்த்துத்தான் நான் ஆராய்ச்சி கற்றேன். யாரும் என்னை வாசலில் நிறுத்தி எந்தத் தெரு என்று கேட்கவில்லை. ஆகவே, பூட்டிவிடுங்கள் என்று சொல்ல நான் வரவில்லை. பூட்டினால் சாவி யார் கைக்குப் போகும் என்று நமக்குத் தெரியும்.

ஆனால் நடந்த ஒன்றைச் சொல்கிறேன்.

மேற்குத் தொடர்ச்சி மலையில் நம் பக்கத்துக் காடு 1988இல் சாம்பல் நிற அணில்களுக்கான சரணாலயமானது. 2021இல் அது ஸ்ரீவில்லிபுத்தூர் மேகமலை புலிகள் காப்பகத்தின் பகுதியானது. அணிலுக்கும் புலிக்கும் முன்பிருந்தே அந்த மலையை அறிந்தவர்கள் பளியர்கள். என் ஆய்வுக்காகச் செண்பகத்தோப்புப் பக்கம் போகும்போதெல்லாம் ஒரு பளியர் பெரியவர் கூட வருவார். தேன் எடுத்து வாழ்ந்தவர். நான் ஒரு செடியை இரண்டு பருவமாகத் தேடியும் கண்டதில்லை. அவர் ஒரு பாறை இடுக்கைக் காட்டி, "இங்கதான் இருக்கும், மழைக்குப் பொறவு வாங்க" என்றார். மழைக்குப் பிறகு போனேன். இருந்தது. எதற்குப் பயன்படும் என்பதையும் அவரே சொன்னார். அந்தச் செடியின் பெயரை நான் இங்கே சொல்லப்போவதில்லை. காரணம் பின்னால் வரும்.

இலையை எடுத்தேன். வரிசையைப் படித்தேன். ஜீன்பேங்கில் ஏற்றினேன். சேகரித்தவர் என்ற இடத்தில் என் பெயர். அடையாளம் கண்டவர் என்ற இடத்தில் என் நெறியாளரின் பெயர். எனக்குப் பெருமை தாங்கவில்லை. அடுத்த முறை போனபோது பெரியவரின் பேத்தியிடம் போனில் அந்தப் பக்கத்தைக் காட்டினேன். பதினோராம் வகுப்புப் பிள்ளை. இங்கிலீஷை எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டுக் கேட்டது: "தாத்தா பேரு எங்கண்ணா?"

என்னிடம் பதில் இல்லை. அந்தப் பெட்டியில் ஒரு பெயர்தான் எழுத முடியும் என்றுகூடச் சொல்லிப் பார்த்தேன். அது பொய். ஜிபிஐஎஃப் பின்பற்றும் 'டார்வின் கோர்' என்ற பதிவு முறையில், பதிந்தவர் என்ற இடத்தில் எத்தனை பெயர் வேண்டுமானாலும் வரிசையாக எழுதலாம். தளம் யாரையும் தடுக்கவில்லை. எழுதாமல் விட்டது என் கை. பொதுக்கிணற்றில் வாளியை இறக்க விடாதவர்களைப் பற்றிக் கூட்டம் கூட்டமாகப் பேசிய அதே நான்.

இன்னொன்றும் உண்டு. காட்டுக்குள் போக முறைப்படி அனுமதி வாங்கியிருந்தேன், வனத்துறையிடம். பளியர்களிடம் வாங்கவில்லை. வாங்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

தோழர்களே, இது என் ஒருவனின் மறதி என்றால் இங்கே வந்து பேச வேண்டியதில்லை. எந்த அறிவுக்கு வேலி, எந்த அறிவுக்குத் திறந்த வெளி என்று நாடே ஒரு கோடு போட்டு வைத்திருக்கிறது.

மஞ்சள் வழக்கு உங்களுக்குத் தெரியும். புண் ஆற்ற மஞ்சளைப் பயன்படுத்துவதற்கு 1995இல் அமெரிக்காவில் காப்புரிமை கொடுத்தார்கள். இந்திய அறிவியல் தொழிலக ஆராய்ச்சி மன்றம் எதிர்த்தது. 1997இல் அது ரத்தானது. வென்றது எப்படி? ஏடுகளையும் அச்சான ஆவணங்களையும் காட்டி. உலகமே நம் பாட்டிமார் மஞ்சள் அரைப்பதைப் பார்த்திருந்தாலும், எழுத்துதான் செல்லுபடியானது. அதன் பிறகு மரபு அறிவு மின்னூலகம் என்று ஒன்றை அரசு உருவாக்கியது. ஆயுர்வேதம், யுனானி, சித்த நூல்களில் உள்ள மருந்து முறைகளை மொழிபெயர்த்து, காப்புரிமை அலுவலகங்களுக்கு மட்டும் காட்டும்படி பாதுகாத்து வைத்தது. பொதுத் தளத்தில் அதை அவிழ்த்துக் கொட்டவில்லை. சரியான வேலைதான். ஆனால் ஏட்டில் ஏறிய அறிவுக்குத்தான் அந்தக் காவல். ஏட்டைத் தொடும் உரிமை இந்த நாட்டில் யாருக்கு இருந்தது, யாருக்கு மறுக்கப்பட்டது என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. சித்த மருத்துவராகவே வாழ்ந்த அயோத்திதாசப் பண்டிதரின் வழியில் வந்தவர்கள் நாம்.

சட்டத்துக்கு வாருங்கள். 2002இல் வந்த உயிரியல் பன்மயச் சட்டம், உயிர்வளத்தையும் அதைப் பற்றிய அறிவையும் வணிகத்துக்கு எடுப்பவர் பலனில் பங்கு தர வேண்டும் என்றது. அதைச் செயல்படுத்தும் தேசிய ஆணையம் சென்னையில்தான் இருக்கிறது. 2023இல் அந்தச் சட்டத்தைத் திருத்தினார்கள். நூல்களில் தொகுக்கப்பட்ட மரபு அறிவுக்கு விலக்குக் கொடுத்துவிட்டார்கள். அந்த நூல்களுக்குள் போன மூலிகைகளை முதலில் காட்டில் கண்டு சொன்னது யார் என்று சட்டம் கேட்கவில்லை. காட்டியவரின் வாய்ச்சொல் ஏட்டில் ஏறாதவரை அதற்குக் காவல் இல்லை. ஏறிய பிறகு அதற்குப் பங்கும் இல்லை.

பங்கு கொடுத்த கதையும் ஒன்று நம் பக்கத்து மலையிலேயே உண்டு. 1987இல் அகத்தியமலையில் விஞ்ஞானிகளோடு நடந்த காணி வழிகாட்டிகள் ஒரு பழத்தைத் தின்றுகொண்டே களைக்காமல் நடந்தார்கள். அந்தச் செடிதான் ஆரோக்கியப்பச்சை. அதிலிருந்து 'ஜீவனி' என்ற மருந்து வந்தது. உரிமக் கட்டணத்திலும் ராயல்டியிலும் பாதி காணி மக்களுக்கு என்று ஒப்புக்கொண்டார்கள். அதற்காக 1997இல் ஓர் அறக்கட்டளையும் உருவானது. குறைகள் இருந்தாலும், அப்போது செடி வேண்டுமென்றால் யாராவது மலையேறி வந்தாக வேண்டும். இன்று அந்தச் செடியின் மரபணுத் தொகுதியே இணையத்தில் இருக்கிறது. யாரும் மலையேற வேண்டியதில்லை, யாரிடமும் கேட்க வேண்டியதில்லை.

இந்த ஓட்டையை உலக நாடுகளும் பார்த்துவிட்டன. 2024இல் கொலம்பியாவின் காலி நகரில் நடந்த ஐ.நா. பல்லுயிர் மாநாட்டில், மரபணு வரிசைத் தரவால் லாபம் பார்க்கும் பெரிய நிறுவனங்கள் லாபத்தில் 1 சதவீதமோ வருவாயில் 0.1 சதவீதமோ ஒரு நிதிக்குத் தர வேண்டும் என்று முடிவெடுத்தார்கள். அதில் பாதியாவது பழங்குடிகளுக்கும் உள்ளூர்ச் சமூகங்களுக்கும் போக வேண்டும். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் கட்டாயம் இல்லை, விருப்பம் இருந்தால் தரலாம். மனம் வைத்து ஊற்றும்வரை குடத்தோடு நில் என்பதை நாம் ஏற்கெனவே பார்த்தவர்கள்.

நான் திரும்பிப் போனேன். என் பதிவையும் கட்டுரையையும் தமிழில் எழுதி, அச்செடுத்துக் கொண்டுபோய்ப் பெரியவருக்கு வாசித்துக் காட்டினேன். ஒரு நாள் முழுக்க ஆனது. கடைசியில் அவர் மூன்று விஷயம் சொன்னார். "எம் பேரைப் போடு தம்பி. எடத்தைப் போடாத, வேரோட புடுங்கிட்டுப் போயிருவானுக. என்னத்துக்கு ஆகும்ங்கிறத நான் மட்டும் சொல்ல முடியாது, எல்லாருகிட்டயும் கேக்கணும்." அதுவரை என்னை 'சார்' என்று கூப்பிட்டவர் அன்றைக்குத்தான் 'தம்பி' என்றார்.

பெயரைச் சேர்த்தேன். பதிவேற்றியவரே திருத்தக் கேட்கலாம் என்று ஜீன்பேங்கில் வழி இருக்கிறது. இடத்தைத் துல்லியமாகக் காட்டாமல் மாவட்ட அளவில் மாற்றினேன். அரிய உயிரிகள் திருடு போகாமலிருக்க இடத்தை மங்கலாக்கும் வழக்கம் இந்தத் தளங்களில் ஏற்கெனவே உண்டு. செடிக்காகச் செய்வதை மனிதருக்காகவும் செய்யலாம். பயன்களின் அட்டவணையை ஆய்வேட்டிலிருந்து எடுத்தேன். ஓர் அத்தியாயம் மெலிந்தது. ஆய்வேடு ஆறு மாதம் தள்ளிப்போனது. உதவித்தொகை அதற்கு முன்பே நின்றுவிட்டது. ஆனாலும் பழைய பதிவு பழைய பதிவாகவே தங்கிவிடும். திருத்தத்துக்கு முந்தைய வடிவம் அங்கேயே இருக்கிறது, பிரதி எடுத்தவர்களிடமும் இருக்கிறது. ஏற்றியதை முழுதாக இறக்க முடியாது. அதனால்தான் ஏற்றுவதற்கு முன் கேட்க வேண்டும் என்கிறேன். செடியின் பெயரை இங்கே சொல்லாததும், பெரியவரின் பெயரை இந்த மேடையில் சொல்லாததும் அதனால்தான். பதிவில் போடச் சொன்னார். மேடையில் சொல்ல நான் கேட்கவில்லை.

உங்களில் சிலர் நாளை ஆய்வுக்கு வருவீர்கள். வர வேண்டும். வந்தால், வழிகாட்டியவரின் பெயரை உங்கள் பெயருக்குப் பக்கத்தில் எழுதுங்கள். அவர்கள் மொழியில் கேளுங்கள். 'வேண்டாம்' என்று சொன்னால் அதையும் பதிலாக எடுத்துக்கொள்ளுங்கள். கண்டதைத் திரும்பக் கொண்டுபோய் வாசித்துக் காட்டுங்கள். ஆய்வுக்கு வராதவர்களுக்கும் வேலை இருக்கிறது. சட்டப்படி ஒவ்வொரு உள்ளாட்சியிலும் மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு இருக்க வேண்டும். உங்கள் ஊராட்சியில், நகராட்சியில் போய்க் கேளுங்கள்: யாரிடம் கேட்டு எழுதினீர்கள், யார் பெயரில் எழுதினீர்கள், எழுதியதை யார் யார் பார்க்கலாம்? தர மறுத்தால் தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது.

ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. இந்த ஊர்க்காரர்கள் கிண்டுவதுதான் அந்தப் பெயருக்கு உரியது என்று சட்டமே சொல்கிறது. மகிழ்ச்சிதான். பாலுக்கும் சர்க்கரைக்கும் கிடைத்த அந்த மரியாதை, ஊருக்கு மேலே தெரிகிற மலையைப் படித்து வைத்திருக்கிற மனிதருக்கும் கிடைக்க வேண்டும் என்றுதான் கேட்கிறேன்.

அந்தப் பிள்ளை இப்போது பன்னிரண்டாம் வகுப்பு முடித்துவிட்டது. தாவரவியல் படிக்கப் போகிறதாம். திருத்திய பதிவைப் போனில் எடுத்துக் காட்டினேன். தாத்தாவின் பெயரை இரண்டு முறை படித்துவிட்டு, "எழுத்துப் பிழை இருக்குண்ணா" என்றது.

மறுபடியும் திருத்த எழுதியிருக்கிறேன்.