இணைய முகவரியும் எல்லைக் கோடும்

கடித உறையிலே வீதியின் பெயரும் வீட்டின் இலக்கமும் தனித்தனியே எழுதப்படுகின்றன. வீதியை அறிந்த பின்னரே வீட்டைத் தேடுவர். இணையத்திலே கணினிக்கு வழங்கப்படும் முகவரியும் இத்தகையதே. ஆயின், அங்கே வீதியும் வீடும் ஒரே தொடர் இலக்கத்தில் இணைந்து நிற்கின்றன. வீதி எங்கே முடிகின்றது, வீடு எங்கே தொடங்குகின்றது என்பதைக் காட்ட மற்றோர் இலக்கம் வேண்டும். அதுவே உபவலை மறைப்பு எனப்படும்.

இணைய முகவரியின் நான்காம் பதிப்பிலே ஒவ்வொரு முகவரியும் 0, 1 என்னும் துவித இலக்கங்கள் 32 கொண்டது. வாசிப்போரின் வசதிக்காக அதனை எட்டெட்டாகப் பகுத்து, 192.168.10.77 என்றவாறு நான்கு எண்களாக எழுதுவர். மறைப்பும் 32 இலக்கங்கள் கொண்டதே. அதிலே 1 நிற்கும் இடங்கள் வலையமைப்புக்கு உரியன. 0 நிற்கும் இடங்கள் கணினிக்கு உரியன.

255.255.255.0 என்னும் மறைப்பிலே முதல் 24 இடங்கள் வலையமைப்பைச் சாரும். எஞ்சிய 8 இடங்களால் 256 முகவரிகள் அமையும். ஓர் அலுவலகம் இவற்றை நான்கு பிரிவுகளுக்குப் பகிர விரும்பின், எல்லையை இரண்டிடம் வலப்புறம் நகர்த்தினாற் போதும். மறைப்பு 255.255.255.192 ஆகும். பிரிவுகள் 0, 64, 128, 192 என்னும் எண்களிலே தொடங்கும். ஒவ்வொன்றிலும் 64 முகவரிகள் உள. அவற்றுள் முதலாவது பிரிவையே குறிக்கும். இறுதியானது அனைவருக்கும் ஒருங்கே அறிவிக்கும் ஒலிபரப்பு முகவரியாகும். எனவே கணினிகளுக்கு எஞ்சுவன 62.

இதன்படி 77 இரண்டாம் பிரிவிலும், 130 மூன்றாம் பிரிவிலும் அடங்கும். ஒன்றிலிருந்து மற்றதற்குச் செல்லும் செய்தி வழிப்படுத்தி என்னும் கருவியின் வாயிலாகவே செல்லல் வேண்டும். 77இல் மட்டும் பழைய மறைப்பைப் பிழையாகப் பதிந்துவிட்டால், அக்கணினி 130ஐத் தன் அயலிலுள்ளதெனக் கருதி நேரே அழைக்கும். பெரும்பாலும் விடை கிட்டாது. கம்பியும் கருவியும் பழுதின்றி இருக்கவும் தொடர்பு அற்றுப்போம்.

1981ஆம் ஆண்டின் விதிப்படி எல்லை 8, 16, 24 ஆகிய இடங்களில் மட்டுமே நின்றது. முந்நூறு கணினிகள் வைத்திருந்த நிறுவனத்துக்கு 254 முகவரிகள் கொண்ட தொகுதி போதாது; அடுத்ததோ 65,534 கணினிகளுக்கு இடமளிப்பது. அதனைப் பெற்றால் பெரும்பகுதி வீணாகும். 1985இலே நிறுவனத்துக்குள்ளும், 1993இலே இணையம் முழுவதிலும், எல்லையைத் தேவைக்கேற்ப நகர்த்த வழி பிறந்தது. உலகிற்கு உள்ள முகவரிகள் ஏறக்குறைய 430 கோடியே. அவற்றின் மையக் கையிருப்பு 2011 பெப்ரவரியிலே தீர்ந்தது. நகரும் எல்லை இல்லாதிருப்பின், அந்நாள் முன்னரே வந்திருக்கும்.

ஆறாம் பதிப்பு முகவரிகள் 128 துவித இலக்கங்கள் கொண்டவை. எனினும், எல்லை எங்கே என்னும் வினா அங்கும் நீங்கவில்லை.