சிட்டிகை உலோகம் செய்யும் வேலை



சிலவகைக் கைபேசிகளில் திரையே ஒளிவிடுகிறது. அதற்குப் பின்னால் விளக்குக் கிடையாது. கரி அணுக்களால் ஆன ஒரு வஸ்துவே மின்சாரம் பட்டதும் ஒளிர்கிறது. இதைக் கண்டு "என்ன அற்புதம்!" என்று கன்னத்தில் போட்டுக் கொள்ளுகிறவர்கள் உண்டு. நாமோ, இது எப்படி நடக்கிறது என்று கேட்கிறோம்.

ஆறு கரி அணுக்கள் கைகோத்து நின்றால் ஒரு வளையம். அதில் ஆறு எலெக்ட்ரான்கள் எந்த ஓர் அணுவுக்கும் சொந்தமில்லாமல் வளையம் முழுவதும் உலவுகின்றன. வளையத்தோடு வளையத்தைக் கோத்தால் அவை வளையம் விட்டு வளையம் உலவும். ஒளிக்குக் காரணம் அதுதான். ஆனால் கோப்பதல்லவா கஷ்டம்? 1901-ல் உல்மான் என்ற இரசாயனி செம்பைக் கொண்டு கோத்தார். அதற்குச் சுமார் 200 டிகிரி சூடு வேண்டியிருந்தது. செம்பும் ஏராளமாகச் செலவாயிற்று.

ஜப்பானில் ஹொக்கைடோ சர்வகலாசாலையிலிருந்த சுசுகியும் மியாவுராவும் 1979-ல் பல்லேடியம் என்ற உலோகத்தைக் கொண்டு ஒரு முறையை வெளியிட்டார்கள். 1981-ல் அதைக் கொண்டே இவ்வளையங்களையும் கோத்துக் காட்டினார்கள். ஒரு வளையத்தில் புரோமின் இருக்கும். மற்றொன்றில் போரான் இருக்கும். பல்லேடியம் புரோமினுக்கும் வளையத்துக்கும் நடுவே புகுகிறது. பிறகு ஒரு காரத்தின் துணையால் போரானிடமிருந்து மற்ற வளையத்தை வாங்கிக் கொள்ளுகிறது. இரண்டையும் ஒட்டிவிட்டு, பழையபடி வெளியே வந்து அடுத்த ஜோடியைத் தேடுகிறது. கல்யாணத் தரகனாவது கூலி கேட்பான்; இது அதுவும் கேட்பதில்லை! ஆகையால்தான் சிட்டிகையளவே போதுமானதாயிருக்கிறது. இதற்கு வினையூக்கி என்று பெயர்.

வேலை முடிந்ததும் மிச்சமுள்ள பல்லேடியத்தைக் கழுவி எடுத்துவிட வேண்டும். தங்கினால் ஒளி கெடும். உதவிய உலோகமாயிற்றே என்று யாரும் அதற்குப் பூசை போடுவதில்லை.

இன்னொரு சங்கதியும் கவனிக்கத்தக்கது. சுசுகி இம்முறைக்குக் காப்புரிமை தேடவில்லை. அதனால் மருந்து செய்வோரும் ஒளிரும் பொருள் செய்வோரும் தடையின்றிக் கையாண்டார்கள். 2010-ல் ஹெக், நெகிஷி ஆகியோரோடு அவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

தோழர்களே! மந்திரம் என்றால் இன்னார் சொன்னால்தான் பலிக்கும் என்பார்கள். இதை ஜப்பானியன் செய்தாலும், ஜெர்மானியன் செய்தாலும், நம் ஊர்ப் பள்ளியில் படித்த குடியானவன் மகள் செய்தாலும் பலன் ஒன்றே. மறைக்காத அறிவுக்கு உள்ள யோக்கியதை இதுவே. ஆகவே அற்புதம் என்று எதைக் கண்டாலும், கும்பிடுமுன் "எப்படி?" என்று கேளுங்கள் என்று சொல்லி முடித்துக் கொள்ளுகிறோம்.