எந்த மனிதனின் உரிமை?

(காஞ்சிபுரத்தில் மாணவர் கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



மனித உரிமை என்றால் எல்லோரும் தலையாட்டுகிறார்கள். 'எந்த மனிதனுக்கு?' என்று கேட்டுப் பாருங்க, அவரவர் கட்சியும் சாதியும் வெளியே வந்துவிடும்.

நம்ம ஊரையே எடுத்துக்கொள்வோம். 2004 செப்டம்பர் 3 அன்று வரதராஜப் பெருமாள் கோயில் மேலாளர் சங்கரராமன் கோயில் வளாகத்திலேயே வெட்டிக் கொல்லப்பட்டார். நவம்பர் 11 அன்று சங்கர மடாதிபதி ஜெயேந்திரர் கைதானார். டில்லி வரைக்கும் கொந்தளிப்பு. கைது செய்த விதம் முறையா, ஜாமீன் ஏன் இல்லை என்று கேட்டார்கள். 2005 ஜனவரியில் உச்சநீதிமன்றம் ஜாமீன் கொடுத்தது. 2013 நவம்பரில் புதுச்சேரி நீதிமன்றம் அவரையும் மற்றவர்களையும் விடுதலை செய்தது.

கேட்ட கேள்விகள் நியாயமானவை. ஆனா, சேரிப் பையனை போலீஸ் அள்ளிக்கிட்டுப் போகும்போது அதே ஆட்களில் எத்தனை பேர் கேட்டார்கள்? அங்கே மட்டும் 'போலீஸ் கையைக் கட்டாதே' என்கிறார்கள்.

நம் பக்கமும் சுத்தமில்லை. வருணாசிரமத்தை எதிர்ப்பது நம் அரசியல், அதில் சமரசம் கிடையாது. ஆனால் விசாரணைக்கு முன்பே தீர்ப்பெழுதிக் கொண்டாடியவர்கள் நம்மிலும் உண்டு. போலீஸ் சொன்னதே தீர்ப்பு என்ற பழக்கம் வளர்ந்தால், அது முதலில் வந்து நிற்பது நம் தெருவில்தான்.

கட்சி மறைக்காததைத் 'தர்மம்' மறைக்கிறது. கோர்வைச் சேலை நெய்யும்போது மறுபக்கம் நாடா தள்ள ஒரு பிள்ளையை உட்கார வைப்பார்கள். அப்பன் வாங்கிய முன்பணத்துக்காகப் பட்டுத்தறியில் சிக்கிய பிள்ளைகளைப் பற்றி 2003இல் ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் அமைப்பு அறிக்கை வெளியிட்டது. அதில் காஞ்சிபுரமும் உண்டு. கொத்தடிமை ஒழிப்புச் சட்டமோ 1976இலேயே வந்துவிட்டது. கேட்டால், "தொழில் கத்துக்கிறான், வாங்கின கடனை அடைக்கிறது தர்மம்தானே" என்பார்கள். நான் பேங்க் குமாஸ்தா. கடனுக்கு நகை கேட்போம், ஜாமீன் கையெழுத்து கேட்போம். பிள்ளையைக் கேட்க எந்தச் சட்டமும் இடம் தரல.

பழைய தர்மம் பிறப்பைப் பார்த்து உரிமை அளந்தது. அரசியல் சட்டம் அப்படி அளக்கக் கூடாது. அந்தச் சட்டத்துக்கான ஒழுக்கம் தானாக வராது, வளர்த்துக்கொள்ள வேண்டும் என்று அண்ணல் அம்பேத்கர் 1948 நவம்பர் 4 அன்று அரசியல் நிர்ணய சபையில் எச்சரித்தார்.

எப்படி வளர்ப்பது? நமக்குப் பிடிக்காதவரின் உரிமைக்கும் பேசிப் பழகணும். மடாதிபதிக்குக் கிடைத்த வக்கீலையும் ஜாமீனையும் நாம் குறைக்கச் சொல்லவில்லை. அதே வேகத்தில், அதே மரியாதையோடு சேரிப் பையனுக்கும் கொடு என்கிறோம். ஒருவருக்குக் கேட்டு மற்றவருக்கு வாய் மூடினால் அதற்கு மனித உரிமை என்று பெயரில்லை, சிபாரிசு என்றுதான் பெயர்.